ஆறு ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம்: அஞ்செட்டியும் மேகாலயாவும் சொல்லித் தரும் பாடம்

சமூக அறிவியல் பாடத்தில் கல்வி ஓர் இடத்தில் வருகிறது, நகரமயமாதல் வேறோர் இடத்தில் வருகிறது, சுற்றுலா இன்னோர் இடத்தில் வருகிறது. மாணவர் மூன்றையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனி வினாக்களுக்கு விடை எழுதி, தனித்தனியாக மறந்தும் விடுகிறார். வடகிழக்கு மாநிலங்கள் பற்றிய பகுதிக்கும் இதே கதிதான். ஏழு சகோதரிகள், தலைநகரங்கள், அதிக மழை பெறும் இடம் என்று மூன்று நான்கு விடைகளோடு அந்த நிலப்பகுதி முடிந்துபோகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள அஞ்செட்டி வட்டத்தில் இந்த மூன்று பாடங்களும் ஒரே சாலையில் இருக்கின்றன. அஞ்செட்டியிலிருந்து வடக்கே தேன்கனிக்கோட்டை வழியாகப் போனால் ஓசூர். அங்கே ஆலைகளும், அதற்கு அப்பால் பெங்களூரும் இருக்கின்றன. தெற்கே நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுக்குள் இறங்கினால் காவிரியும் ஒகேனக்கல் அருவியும். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் சுற்றுலா. நடுவில் நம் பள்ளிகள். இங்கே படிக்கும் பிள்ளை பெரியவராகும்போது பெரும்பாலும் இந்த இரண்டு திசைகளில் ஒன்றில்தான் பிழைப்பைத் தேடிப் போகிறார். எந்தத் தகுதியோடு போகிறார் என்பதைப் பள்ளி தீர்மானிக்கிறது.

இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டு மூன்று பாடங்களையும் எப்படி இணைத்துக் கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரை. நம் மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வடகிழக்கிலிருந்து மேகாலயாவை எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

எண்கள் சொல்லும் உறவு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேகாலயாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 29.7 லட்சம். பரப்பு 22,429 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 18.8 லட்சம், பரப்பு 5,143 சதுர கிலோமீட்டர். நகரங்களில் வாழ்வோர் மேகாலயாவில் 20 விழுக்காடு, கிருஷ்ணகிரியில் ஏறத்தாழ 23 விழுக்காடு. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் நகர மக்கள் 48 விழுக்காட்டுக்கும் மேல். எழுத்தறிவு மேகாலயாவில் 74.43 விழுக்காடு, கிருஷ்ணகிரியில் 71.46 விழுக்காடு. தமிழ்நாட்டின் சராசரி 80.09.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'நம் மாவட்டம் எதைப் போல இருக்கிறது? தமிழ்நாட்டின் சராசரியைப் போலவா, மேகாலயாவைப் போலவா?' என்று கேளுங்கள். மலையும் காடும் சிதறிய குடியிருப்புகளும் உள்ள ஒரு மாவட்டம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு மலை மாநிலத்துக்குப் பல வகையில் நெருக்கமாக இருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒப்பீடு அங்கிருந்து தொடங்கட்டும்.

இந்த எண்களுக்குள் ஒரு பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. ஆண், பெண் எழுத்தறிவுக்கு இடையிலான இடைவெளி மேகாலயாவில் ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளிகள். கிருஷ்ணகிரியில் அது ஏறத்தாழ 15. மொத்த எழுத்தறிவில் நாம் மேகாலயாவுக்குச் சற்றே பின்னால் இருக்கிறோம். பெண் எழுத்தறிவில் வெகு தூரம் பின்னால் இருக்கிறோம். நம் மாவட்டத்தின் கல்விக் கணக்கில் விடுபட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதே இதன் பொருள். இந்த இடத்துக்கு மீண்டும் வருவோம்.

ஓசூர் எப்படி நகரமானது?

நகரமயமாதலைப் படிக்க மாணவர்கள் இலண்டனுக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. 1965-இல் தருமபுரி மாவட்டம் உருவாகும்வரை ஓசூர் சேலம் மாவட்டத்தின் வடகோடி ஊர். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதன் மிகப் பெரிய தொழில் நகரமாக ஓசூர் வளர்ந்திருந்தது. 2019-இல் மாநகராட்சியானது. நகராட்சியாக இருந்தபோது 2001-இல் 84 ஆயிரம் பேர் இருந்த ஊரில் 2011-இல் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர் இருந்தார்கள். மாநகராட்சியின் எல்லை இப்போது விரிந்துவிட்டதால் இன்றைய கணக்கு இதைவிடப் பெரியது.

இந்த வளர்ச்சிக்கு நான்கு காரணங்களை மாணவர்களே வரிசைப்படுத்தலாம். முதலாவது அமைவிடம். பெங்களூர் 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, சென்னைக்கும் சேலத்துக்கும் நெடுஞ்சாலை இருக்கிறது. இரண்டாவது அரசின் முடிவு. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் தொழில் வாய்ப்பு குறைந்த வறண்ட பகுதிகளைத் தேடியபோது தேர்ந்தெடுத்த தொடக்ககால இடங்களில் ஓசூர் ஒன்று. மூன்றாவது முதலீடு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் போன்ற ஆலைகள் 1980-களை ஒட்டி இங்கே வந்தன. அவற்றுக்குப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. நான்காவது தட்பவெப்பம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ரோஜா முதலான கொய்மலர்கள் பசுமைக் குடில்களில் வளர்கின்றன.

இங்கே மாணவர்களைச் சிந்திக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஓசூர் ஆலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். அஞ்செட்டியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இவ்வளவு அருகில் வேலை இருக்கும்போது, நம் வட்டத்துப் பெற்றோர் பலர் ஏன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், மற்ற ஊர்களுக்குத் தோட்ட வேலைக்கும் குடும்பத்தோடு போகிறார்கள்?

விடை பள்ளியில் இருக்கிறது. ஆலையின் வாயிலில் முதலில் கேட்கப்படுவது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அடுத்து ஐ.டி.ஐ., டிப்ளமோ. எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த வாயில் திறப்பதில்லை. அவருக்குத் திறப்பது நாள் கூலி வேலை மட்டும். நகரம் அருகில் இருப்பதால் மட்டும் நகரத்தின் பயன் கிடைத்துவிடாது. இடையில் படிப்பு என்ற பாலம் வேண்டும்.

மேகாலயாவின் ஷில்லாங் வேறு வகை நகரம். ஆலைகளால் வளர்ந்த ஊர் அன்று அது. 1874-இல் அசாமின் நிர்வாகத் தலைமையிடமாகி, 1972-இல் மேகாலயா தனி மாநிலமானபோது அதன் தலைநகரானது. 1973-இல் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கப்பட்டது. பின்னர் இந்திய மேலாண்மைக் கழகமும் வந்தது. அண்டை மாநில மாணவர்களும் படிக்க வரும் கல்வி நகரம் அது. ஆனால் மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு ஷில்லாங் தொலைவில்தான் இருக்கிறது. மிகக் குறைந்த மாணவர்களோடு சிதறிக் கிடக்கும் சிறு பள்ளிகள், தொடக்கக் கல்விக்குப் பிறகு நீண்ட தூரம் என்று அங்கும் நம் சிக்கல்களே இருக்கின்றன. உயர்நிலை வகுப்புகளில் இடைநிற்றல் அதிகமுள்ள மாநிலங்களில் மேகாலயாவும் ஒன்று. தலைநகரில் பல்கலைக்கழகம் இருப்பதும் மலையடிவாரச் சிறுமி பத்தாம் வகுப்பை முடிப்பதும் தாமாகவே இணைந்துவிடுவதில்லை.

வீட்டு மொழி, பள்ளி மொழி

அஞ்செட்டி, உரிகம், கோட்டையூர், தக்கட்டி, நாட்றாம்பாளையம் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்த செய்தி. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். சில குடியிருப்புகளில் லம்பாடியோ இருளர் மொழியோ பேசுகிறார்கள். பள்ளியின் மொழி தமிழ். அதற்கு மேல் ஆங்கிலமும் ஒரு பாடம். முதல் நாளில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையை 'மந்தம்' என்று முடிவுகட்டுவதற்கு முன், அது எந்த மொழியில் யோசிக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இங்குள்ள ஊர்ப் பெயர்களே இதற்கு நல்ல பாடப்பொருள். ஒகேனக்கல் என்ற பெயரில் உள்ள 'ஹொகே' கன்னடத்தில் புகை. கல் இரு மொழிகளுக்கும் பொது. நீர்த்துளி புகைபோல் எழும் பாறை என்று பெயரே அருவியைப் படம் பிடித்துக் காட்டுகிறது. அஞ்செட்டி வழியாக ஓடிக் காவிரியில் சேரும் தொட்டல்லா ஆற்றில் 'தொட்ட' என்பது பெரிய, 'ஹள்ள' என்பது ஓடை. பெட்டமுகிலாளத்தில் உள்ள 'பெட்ட' மலையைக் குறிக்கும். இந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்ல வகுப்பில் கன்னடம் பேசும் பிள்ளையை எழுப்புங்கள். அதுவரை தமிழில் திணறிக்கொண்டிருந்த பிள்ளை அன்று வகுப்புக்கே ஆசிரியராகிவிடும். மொழி அறிவு குறையாக இருந்த இடத்தில் அது செல்வமாகத் தெரியத் தொடங்கும்.

மேகாலயாவின் கல்வி வரலாற்றிலும் மொழியே திருப்புமுனை. காசி மொழி ஆஸ்ட்ரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1841-இல் சோராவுக்கு, அதாவது சிரபுஞ்சிக்கு வந்த வேல்ஸ் நாட்டவரான தாமஸ் ஜோன்ஸ், அந்த மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை அமைத்தார். அதற்கு முன் வங்க எழுத்தில் எழுதும் முயற்சி நடந்து பரவாமல் போயிருந்தது. தாம் பேசும் மொழியிலேயே வாசிக்கலாம் என்ற நிலை வந்த பிறகு மலை ஊர்களில் பள்ளிகள் வேர்பிடித்தன. குழந்தைக்குத் தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்குப் போக வேண்டும் என்ற கற்பித்தல் நெறிக்கு இது வரலாற்றுச் சான்று.

நம்மால் இங்கே செய்யக்கூடியவை எளியவை. முதல் மூன்று வகுப்புகளில் சுவரில் ஒட்டும் படங்களின் கீழ் தமிழ்ச் சொல்லை எழுதுகிறோம். அதே பொருளை வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்து, அந்தச் சொல்லையும் தமிழ் எழுத்திலேயே பக்கத்தில் எழுதலாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் ஒரு பிள்ளையை வைக்கும்போது, மொழி புரியாததால் பின்தங்கியதா, கருத்து புரியாததால் பின்தங்கியதா என்று பிரித்துப் பார்க்கலாம். கணக்கைக் கன்னடத்தில் சொன்னால் சட்டென விடை சொல்லும் பிள்ளைக்குக் கணக்கு தெரியும். அதற்குத் தேவைப்படுவது தமிழ்ப் பயிற்சி.

தூரம், யானை, வயது

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது தமிழ்நாட்டின் விதி. சமவெளியில் மூன்று கிலோமீட்டர் என்பது அரை மணி நேர நடை. காட்டுப் பாதையில் அது வேறு கணக்கு. ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் வேளையில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை பகுதிகளுக்கு வருகின்றன. அது கேழ்வரகு கதிர் முற்றும் காலம். கொல்லைக்கு இரவுக் காவல் போகும் குடும்பத்தில் பிள்ளையும் கண் விழிக்கிறது. மறுநாள் காலையில் அது வகுப்பில் தூங்குவதற்கும், பள்ளிக்கு வராமல் போவதற்கும் காரணம் புரிகிறதல்லவா?

தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் கீழ் போக்குவரத்து வசதியும் வழித்துணையும் வழங்க இடமுண்டு. பெயர் விடுபடாமல் கணக்கெடுத்து உரிய நேரத்தில் கருத்துரு அனுப்புவது தலைமையாசிரியரின் கையில் இருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளிகளும் விடுதிகளும் உள்ளன என்பதைப் பெற்றோர் பலர் ஆசிரியர் சொல்லித்தான் அறிகிறார்கள்.

இனி, முன்பு குறிப்பிட்ட 15 புள்ளி இடைவெளிக்கு வருவோம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் பள்ளி தூரமாகிறது. அதே வயதில் பெண் பிள்ளை 'பெரிய பெண்' ஆகிறாள். தூரமும் வயதும் ஒரே ஆண்டில் சேர்ந்து வருவதால்தான் பெண் பிள்ளைகளின் படிப்பு அங்கே அறுபடுகிறது. அடுத்து வருவது பெரும்பாலும் திருமணப் பேச்சு. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைவடையாமல் திருமணம் செய்வது குற்றம். இது நம் மாவட்டத்தின் மலைப் பகுதிகளில் இன்னும் தீராத சிக்கல் என்பதை நாம் அறிவோம். 1098 என்ற எண் வகுப்பறைச் சுவரில் இருந்தால் மட்டும் போதாது. எந்தச் சூழலில் அழைக்க வேண்டும், அழைத்தால் என்ன நடக்கும், அழைத்தவர் பெயர் வெளியே வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பிள்ளைகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

மேகாலயாவில் இந்த இடைவெளி ஏன் இவ்வளவு சிறியது? காசி, ஜெயந்தியா, காரோ மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். குழந்தைக்குத் தாயின் குலப்பெயர் வருகிறது. காசி குடும்பங்களில் பூர்விக வீட்டைக் காக்கும் பொறுப்பு கடைசி மகளுக்கு உரியது. 'வேறு வீட்டுக்குப் போகிறவள்' என்று மகளின் படிப்பை நிறுத்தும் பேச்சு அங்கே எழுவதற்கு இடமில்லை. அங்கு எல்லாமே சரியாக இருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். ஊர் அவைகளில் மரபாக ஆண்களே முடிவெடுத்து வந்தார்கள், சிறு வயதிலேயே வேலைக்குப் போய்ப் படிப்பை விடும் ஆண் பிள்ளைகளும் அங்கே ஏராளம். ஆனால் பெண் கல்வி குறைவாக இருப்பது மலைப் பகுதிக்கு விதிக்கப்பட்ட ஒன்று அல்ல, சமூகப் பழக்கம் உண்டாக்கியது, ஆகவே மாற்றக்கூடியது என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் சொல்ல இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

மாற்றத்துக்கான வழிகளும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. தொழிற்கல்வி, மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஓராண்டு வெளியூர்த் தனியார் பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் இவற்றில் சிக்கல் வரலாம் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

அருவியில் யாருக்கு வருமானம்?

சுற்றுலா என்றதும் மாணவர் எழுதும் விடை 'அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு' என்பதுதான். அதை ஒகேனக்கல்லில் வைத்துப் பார்க்கலாம். அருவி தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் இருந்தாலும், அஞ்செட்டி வழிச் சாலை அங்கே போகும் முக்கியப் பாதைகளில் ஒன்று. பரிசல் ஓட்டுபவர், மீன் பிடிப்பவர், மீன் வறுத்து விற்கும் பெண்கள், எண்ணெய் தேய்த்து விடுபவர், கடை வைத்திருப்பவர், விடுதி நடத்துபவர், வாகன ஓட்டுநர் என்று அங்கே எத்தனை வகைப் பிழைப்பு என்று பட்டியலிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன படிப்பு வேண்டும், எத்தனை மாதம் வருமானம் வரும், அந்தப் பணம் உள்ளூரில் தங்குகிறதா, வெளியூர் போகிறதா என்று மூன்று பத்திகள் சேர்க்கச் சொல்லுங்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதிக்கப்படும். அன்று பரிசல் ஓட்டுபவருக்கு வருமானம் இல்லை. விடுதி முதலாளிக்கு அந்த நாள் அவ்வளவு பெரிய இழப்பன்று. ஒரே தொழிலில் இடர் எல்லோருக்கும் சமமாக இல்லை என்பது இப்படித்தான் புரியும்.

மேகாலயாவின் புகழ்பெற்ற காட்சி உயிருள்ள வேர்ப் பாலங்கள். ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளை ஓடையின் மறுகரைக்கு வழிநடத்தி, பின்னி, ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பாலமாக்குகிறார்கள். நடக்கும் அளவுக்கு வலுப்பெறப் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகலாம். நட்டவரின் பிள்ளைகள்தான் நடப்பார்கள். மழையில் சாதாரண மரப்பாலம் மக்கிப்போகும் ஊரில் இது வாழ்க்கைத் தேவைக்காகப் பிறந்த தொழில்நுட்பம். சுற்றுலாவுக்கென்று யாரும் கட்டவில்லை. நோங்ரியாட் ஊரின் இரட்டை அடுக்குப் பாலத்தைக் காண ஆயிரக்கணக்கான படிகளில் இறங்கிப் போகிறார்கள். இப்பாலங்கள் அமைந்த நிலப்பகுதி 2022-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. பல ஊர்களில் நுழைவுக் கட்டணத்தை ஊர் அவையே வசூலிக்கிறது, தூய்மைக்கும் பராமரிப்புக்கும் செலவிடுகிறது. தூய்மைக்குப் பெயர்பெற்ற மாவ்லினோங் ஊரும் இப்படி ஊர்க் கட்டுப்பாட்டால் நடப்பதே.

அங்கே ஊரே நடத்த முடிவது ஏன்? நில உரிமையில் விடை இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது அட்டவணையின் கீழ் மேகாலயாவில் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் உள்ளன. காடுகளில் மிகப் பெரும்பகுதி குலங்களுக்கும் ஊர்களுக்கும் சொந்தம். நம் பகுதியின் காடு அரசின் காப்புக்காடு. 2014-இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அது தமிழ்நாட்டின் 17-ஆவது வனவிலங்குச் சரணாலயம். யானை, நீர்நாய், சதுப்புநில முதலை, ஆற்றில் வாழும் மென்தோட்டு ஆமை ஆகியவற்றுக்கு இவை அடைக்கலம். ஆகவே மேகாலயா முறையை இங்கே அப்படியே நடுவதற்கில்லை. வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டலோடும்தான் எதுவும் நடக்கும். காட்டை நம்பி வாழும் குடும்பங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகளையும் உயர்நிலை வகுப்பு மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

சுற்றுலாப் படத்தின் மறுபக்கத்தையும் காட்டுவோம். மௌசின்ராமில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி 1,000-ஐத் தொடுவதில்லை. இருந்தும் சிரபுஞ்சிப் பகுதியில் குளிர்காலத்தில் குடிநீருக்குப் பெண்கள் நெடுந்தூரம் நடக்கிறார்கள். பெய்யும் நீர் செங்குத்துச் சரிவில் ஓடிவிடுகிறது, மண் தேக்குவதில்லை. நமக்கும் இதே முரண்பாடு இருந்தது. பக்கத்தில் காவிரி ஓடியபோதும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பற்களில் கறையும் எலும்புகளில் நோயும் கண்டவர்கள் பலர். அந்த நிலையை மாற்றத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அறிவியல் ஆசிரியர் ஒருவரும் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய பாடம் இது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஆறாம், ஏழாம் வகுப்புக்குச் சாலை வரைபடம். ஓசூரிலிருந்து ஒகேனக்கல் வரையிலான பாதையை நீளத் தாளில் ஒரு கோடாக வரையுங்கள். பள்ளி, மருத்துவமனை, சந்தை, சோதனைச்சாவடி, காடு, ஆலை ஒவ்வொன்றையும் பிள்ளைகள் குறிக்கட்டும். பேருந்து நேரங்களைக் கேட்டு எழுதி வரட்டும். கடைசிப் பேருந்து எப்போது என்ற கேள்வி மேல்நிலைப் படிப்போடு எப்படித் தொடர்புடையது என்று பேசலாம்.

எட்டாம் வகுப்புக்கு ஆற்றுக் கணக்கு. காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் நீரை அளக்கும் மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் நம் வட்டத்துப் பிலிகுண்டுலுவில் இருக்கிறது. நடுவர் மன்றம் 2007-இல் அங்கே தர வேண்டும் என்ற அளவு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். குறைந்த 14.75 டி.எம்.சி. எத்தனை கோடி லிட்டர் என்று கணக்கிடட்டும். நாடே பேசும் எண் தம் ஊரில் அளக்கப்படுகிறது என்று அறியும்போது பிள்ளையின் நிமிர்வே வேறு.

ஒன்பதாம் வகுப்புக்கு வழிகாட்டிப் பயிற்சி. ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ப் பகுதியின் ஓர் இடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். மல்லச்சந்திரத்தின் பெருங்கற்காலக் கல்திட்டைகளையும், மேகாலயாவின் நார்டியாங் நெடுங்கற்களையும் ஒப்பிடலாம். இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதை 2022-இல் வெளியான ஆய்வு முடிவு காட்டிய மயிலாடும்பாறை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதே பேச்சைத் தமிழிலும் கன்னடத்திலும் எளிய ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகட்டும். மூன்று மொழியில் பேசும் வழிகாட்டி எந்தச் சுற்றுலாத் தலத்திலும் மதிக்கப்படுவார். நம் பிள்ளைகள் அதில் பாதித் தூரத்தை வீட்டிலேயே கடந்து வந்தவர்கள்.

பத்தாம் வகுப்புக்கு வேலை அட்டவணை. ஓசூர் ஆலைகளின் பணி விளம்பரங்களை நாளிதழ்களிலிருந்து வெட்டி ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கேட்கப்படும் தகுதியைக் குறியுங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி என்று எந்த வழி எங்கே சேர்கிறது என்பதை நான் முதல்வன் வழிகாட்டலோடு இணைத்துக் காட்டுங்கள். பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை பார்க்கும் மின்னணு ஆலைகள் இப்போது ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வந்துவிட்டன. ஜார்க்கண்டிலிருந்து ஒரு பெண் வந்து பார்க்கும் வேலைக்கு அஞ்செட்டிப் பெண் போக என்ன தடை என்று மாணவிகளே விவாதிக்கட்டும்.

ஓசூர்ப் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. வட மாநிலங்களிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். அவர்களின் ஊரை வரைபடத்தில் காட்டச் சொல்லி, அவர்கள் மொழியில் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். அஞ்செட்டியில் கன்னடம் பேசும் பிள்ளைக்கு எது தேவையோ அதுவே ஓசூரில் அசாமிய மொழி பேசும் பிள்ளைக்கும் தேவை.

நமக்கான பணி

மாணவர்களுக்குச் செயல்பாடுகள் கொடுத்த பிறகு ஆசிரியருக்கென்று ஒன்று மிச்சமிருக்கிறது. எட்டாம் வகுப்போடு முடியும் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் மே மாதத்தில் ஒரு தாளில் அந்த ஆண்டு முடித்தவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஜூன் மாத இறுதியில் ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்ந்தார் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறியுங்கள். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் மாற்றுச் சான்றிதழ் பொதுக் களத்துக்குப் போய்விட்டது என்பதை மட்டும் வைத்துச் சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று அந்தப் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். பெண் பிள்ளைகளின் பெயர்களை முதலில் சரிபாருங்கள். எதிரே எதுவும் எழுத முடியாமல் ஒரு பெயர் நின்றால், அந்த வாரம் நாம் போக வேண்டிய வீடு எது என்று தெரிந்துவிடும்.